கேமராவை அணைத்தால் மின்சாரம் மிச்சமாகுமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ பற்றியவை. வீட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பதால் இணையம் திணறுகிறதா, மின்சாரம் கூடுதலாகச் செலவாகிறதா என்று பலரும் கேட்டிருந்தீர்கள். இணையச் சேவை நிறுவனமொன்றின் கட்டுப்பாட்டு அறையில், எந்த நேரத்தில் எவ்வளவு தரவு ஓடுகிறது என்று காட்டும் டிராஃபிக் கிராஃபைப் பார்த்துக்கொண்டே வேலைக்காலத்தைக் கழித்தவள் நான். அதனால்தான் ஆசிரியர் குழு இந்தக் கடிதக் கட்டை என்னிடம் தள்ளியிருக்கிறது. ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

*

2020-ல் உலகமே சில நாட்களுக்குள் வீட்டுக்குள் போய் அடைந்தது. இணையம் தாங்காது, படுத்துவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லையே, எப்படி? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

எங்களுக்கும் அந்தப் பயம் இருந்தது ஐயா. ஆனால் நாங்கள் பயந்த இடம் வேறு, அடி விழுந்த இடம் வேறு.

நெட்வொர்க்கை யாரும் சராசரிக்குக் கணக்குப் போட்டு அமைப்பதில்லை. ஒரு நாளில் எந்த நேரத்தில் கூட்டம் அதிகமோ, அந்த நேரத்துக்குத் தாங்குகிற மாதிரி, அதற்கு மேலும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அமைப்போம். வீட்டு இணைப்புகளில் அந்த உச்ச நேரம் இரவு 8 முதல் 11 மணி வரை. கிராஃபைப் பார்த்தால் விடியற்காலை 4 மணிக்குக் கோடு தரையோடு தரையாகக் கிடக்கும். காலையில் மெல்ல எழும்பும், பகல் முழுக்க நடுமட்டத்தில் சோம்பிக் கிடக்கும், மாலை 5 மணிக்கு மேல் விறுவிறுவென்று ஏறும், நள்ளிரவுக்குப் பிறகு சரியும். சனி, ஞாயிறு மட்டும் காலை 10 மணிக்கே மேலே போய்விடும்.

2020 மார்ச்சில் எங்கள் திரையில் பார்த்தது இதுதான்: திங்கட்கிழமையின் கோடு சனிக்கிழமையின் கோடு மாதிரி வரைந்துகொண்டிருந்தது. பகல் பள்ளம் நிரம்பிவிட்டது. இரவு உச்சி உயர்ந்தது, ஆனால் பகல் உயர்ந்த அளவுக்கு இல்லை. அதாவது, பகலில் சும்மா கிடந்த கொள்ளளவை அலுவலக வேலை எடுத்துக்கொண்டது. அதற்காகப் புதிதாகப் பெரிய கேபிள் எதையும் யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

ஐரோப்பாவில் இணைய நிறுவனங்கள், பல நெட்வொர்க்குகள் சந்தித்து டிராஃபிக்கைக் கைமாற்றிக்கொள்ளும் இணையப் பரிமாற்ற மையங்கள் ஆகியவற்றின் தரவை வைத்து நடந்த ஆய்வும் இதையே சொல்கிறது. ஊரடங்கு தொடங்கி ஏறத்தாழ ஒரே வாரத்தில் டிராஃபிக் 15 முதல் 20 சதவீதம் கூடியிருந்தது. பல மாதங்களில் வர வேண்டிய வளர்ச்சி அது. ஒரு வாரத்தில் வந்து இறங்கியது. ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள டி-சிக்ஸ் என்ற பரிமாற்ற மையம் 2020 மார்ச் 10 அன்று நொடிக்கு 9.1 டெராபிட்டைத் தாண்டியது. அந்த மாதமே ஐரோப்பிய ஆணையம் கேட்டுக்கொண்டதற்கிணங்க நெட்ஃப்ளிக்ஸ் தன் வீடியோவின் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு அனுப்பும் தரவின் அளவைக் குறைத்து, ஐரோப்பாவில் தன் டிராஃபிக்கை 25 சதவீதம் தணித்தது. யூடியூபும் அங்கே சாதாரணத் தரத்தையே இயல்பாக வைத்தது.

அடி விழுந்த இடம் நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று கைகோக்கும் போர்ட்கள். சினிமா பார்க்கும்போது அந்தப் படம் பெரும்பாலும் உங்கள் இணைய நிறுவனத்தின் கட்டடத்துக்குள்ளேயே வைத்திருக்கும் கேஷ் சர்வரிலிருந்து வருகிறது. ஒருமுறை கொண்டுவந்து வைத்ததை ஆயிரம் பேருக்குக் கொடுக்கலாம். வீடியோ மீட்டிங்கை அப்படி முன்கூட்டியே எடுத்து வைக்க முடியாது. அது அந்த நொடியில் பிறந்து அந்த நொடியில் போய்ச் சேர வேண்டியது. கான்ஃபரன்ஸ் நிறுவனத்தின் சர்வர் வரைக்கும் போர்ட் போர்ட்டாகக் கடந்துதான் போகும். ஜூமில் தினமும் மீட்டிங்கில் சேர்ந்தவர்கள் 2019 டிசம்பரில் அதிகபட்சம் 1 கோடி; 2020 மார்ச்சில் 20 கோடி. மொத்த டிராஃபிக்கில் அது சின்னப் பங்குதான். ஆனால் அதுவரை ஆள் நடமாட்டமே இல்லாத போர்ட்களில் போய் அது நின்றது.

ஒரு போர்ட்டை 10 கிகாபிட்டிலிருந்து 100 கிகாபிட்டுக்கு மாற்றுவது மென்பொருளில் ஒரு கட்டளை தட்டுகிற வேலையில்லை. விரல் நீளத்தில் ஓர் ஆப்டிகல் மாட்யூல் இருக்கும். அது கையிருப்பில் இருக்க வேண்டும், டேட்டா சென்டருக்குள் ஓர் ஆள் போக வேண்டும், ரேக்குக்கு ரேக் ஃபைபர் இழுக்க வேண்டும், அந்தப் பக்கத்து நிறுவனமும் அதே நேரத்தில் அதையே செய்ய வேண்டும். ஊரடங்கில், மாட்யூல்கள் விமான நிலையங்களில் முடங்கிக் கிடந்தபோது, முகக்கவசம் போட்டுக்கொண்டு ராத்திரியில் அந்த வேலையைச் செய்தவர்களை எனக்குத் தெரியும். இணையம் படுக்காமல் நின்றதற்கு நல்ல வடிவமைப்பு ஒரு காரணம் என்றால், அவர்கள் இன்னொரு காரணம்.

*

என் மகள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாள். 100 மெகாபிட் இணைப்பு. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 100-ம் வருகிறது. ஆனாலும் மீட்டிங்கில் அவள் பேசுவது மற்றவர்களுக்கு வெட்டி வெட்டிக் கேட்கிறதாம். அவர்கள் பேசுவது இவளுக்குத் தெளிவாகக் கேட்கிறது. குறை எங்கே? – ஒரு தந்தை

குறை எங்கே என்று உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. வருவது நன்றாக வருகிறது, போவதுதான் போகவில்லை.

வீட்டு இணைப்புகள் எல்லாம் ‘பார்ப்பவர்களுக்காக’ அமைத்தவை. கேபிள் டிவி வழியாக வரும் இணையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அமைப்புகளில் மேலே அனுப்புவதற்கு 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு குறுகிய பட்டை மட்டும் உண்டு. மீதி முழுக்கக் கீழே வருவதற்கு. அந்தக் குறுகிய பட்டையையும் பல வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். ஃபைபரில் நிலைமை மேல். பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஓர் இழையில் கீழே 2.5 கிகாபிட், மேலே 1.25 கிகாபிட் போகும். அங்கும் பல வீடுகள் பங்காளிகள். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவரை அப்லோடு பற்றி யாரும் நினைத்ததில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேமரா ஓடத் தொடங்கியதும்தான் அது கண்ணில் பட்டது.

ஆனால் உங்கள் வீட்டில் அப்லோடு வேகம் போதாமல் இருப்பதைவிட வேறொன்றின் மேல் எனக்குச் சந்தேகம். குழு மீட்டிங்குக்கு மேலே 2 முதல் 3 மெகாபிட் இருந்தால் தாராளம். குரலுக்கு 100 கிலோபிட்டே போதும். அது நிச்சயம் உங்களிடம் இருக்கும். பிரச்சினை, அதே நேரத்தில் வேறு எதுவோ மேலே போய்க்கொண்டிருப்பது. செல்போனிலிருந்து புகைப்படங்கள் கிளவுடுக்குத் தானாக ஏறும். லேப்டாப் பேக்கப் ஓடும். வாசல் கேமரா பதிவை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

சோதித்துப் பார்க்க வழி உண்டு. ஒரு சின்னத் தரவுத் துண்டு (பாக்கெட்) போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று காட்டும் பிங் கட்டளையை லேப்டாப்பில் ஓடவிடுங்கள். 15, 20 மில்லிநொடி என்று எண்கள் சீராக வரும். அது ஓடும்போதே போனிலிருந்து பெரிய வீடியோ ஒன்றைக் கிளவுடுக்கு ஏற்றுங்கள். பல வீடுகளில் எண் 300, 500 என்று எகிறும். ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. வீடியோ ஏறி முடிந்ததும் பழையபடி 20-க்கு இறங்கிவிடும். மோடத்துக்குள் தரவு வரிசையில் காத்திருக்கும் இடமான பஃபர் நீளமாக நிரம்பி, உங்கள் மகளின் குரல் அந்த வரிசையின் வாலில் நிற்கிறது என்று அர்த்தம். இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். ஒருவர் பேசியது மற்றவர் காதுக்குப் போய்ச்சேர 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. வரிசையிலேயே 500 போனால் பேச்சு எப்படி இருக்கும்?

தீர்வு இருக்கிறது, அதிக வேகப் பிளான் அதற்குத் தேவையில்லை. ரவுட்டர் அமைப்பில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி எஸ்.க்யூ.எம். அல்லது ‘ஸ்மார்ட் க்யூ’ என்ற பெயரில் இருந்தால் அதை இயக்கி, அப்லோடு அளவை உண்மையான வேகத்தில் 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள். அதற்குள் பெரும்பாலும் இயங்கும் எஃப்.க்யூ.-கோடெல் என்ற முறை 2018-லேயே முறையாக வெளிவந்த ஒன்று. வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும், சின்னப் பாக்கெட்டை முன்னால் விடும். உங்கள் ரவுட்டரில் அது இல்லையென்றால், பேக்கப்பையும் போட்டோ ஏற்றத்தையும் இரவுக்கு மாற்றுங்கள். மகளின் லேப்டாப்புக்கு வைஃபைக்குப் பதில் ஒரு லேன் கேபிள் கொடுங்கள். நான் வீடுகளில் பார்த்த பாதிக் குறைகள் அந்தக் கேபிளிலேயே தீர்ந்தன.

*

எங்கள் நிறுவனத்தில் 500 பேர் வீட்டிலிருந்து வேலை செய்கிறோம். எல்லாமே வி.பி.என். வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. வீடியோ மீட்டிங்கும் அதிலேயே. திணறுகிறது. விதியை மாற்றச் சொல்லலாமா? – ஐ.டி. உதவி மேசை ஊழியர்

சொல்லுங்கள், கணக்கோடு சொல்லுங்கள். வி.பி.என். என்பது வீட்டுக் கணினியின் தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து அலுவலகம் வழியாகக் கொண்டுபோகும் பாதை. ஒரு மீட்டிங்குக்கு 2 மெகாபிட் என்றால் 500 பேருக்கு 1 கிகாபிட். அது கான்ஃபரன்ஸ் சர்வரிலிருந்து உங்கள் அலுவலகத்துக்கு வந்து, அங்கே வி.பி.என். கருவியில் மறுபடி மறையாக்கம் ஆகி, அதே இணைப்பு வழியாக வெளியே கிளம்பி வீடுகளுக்குப் போகிறது. அலுவலகத்துக்கு அந்தத் தரவோடு எந்த வேலையும் இல்லை. வந்து போவதற்காகவே இணைப்பும் கருவியும் அதன் மின்சாரமும் செலவாகின்றன.

மீட்டிங் வீடியோ ஏற்கெனவே மறையாக்கம் ஆனதுதான். அதை மட்டும் நேராக இணையத்துக்கு விட்டு, நிறுவனத்தின் கோப்புகளையும் செயலிகளையும் வி.பி.என்.னுக்குள் வைப்பதை ஸ்ப்ளிட் டனலிங் என்பார்கள். 2020-ல் மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளுக்கு இதையே பரிந்துரைத்தது. பாதுகாப்புக் குழு தயங்கினால், கான்ஃபரன்ஸ் நிறுவனம் வெளியிடும் ஐ.பி. முகவரிப் பட்டியலுக்கு மட்டும் விலக்குக் கேளுங்கள். அவர்கள் பயம் நியாயமானது. முழுக் கதவையும் திறக்கச் சொல்லாதீர்கள்.

*

மீட்டிங்கில் கேமராவை அணைத்து வைத்தால் கார்பன் வெளியீடு 96 சதவீதம் குறையும் என்று அலுவலகத்தில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த எனக்கு யார் முகமும் தெரியாமல் வேலை பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது. உண்மையிலேயே அவ்வளவு மிச்சமா அக்கா? – இளம் பெண் ஊழியர்

இல்லை அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்ததும்தான் இந்தத் தொகுப்பையே எழுத வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

அந்த 96 சதவீதம் 2021-ல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. நெட்வொர்க்குகள் வருடத்துக்கு இவ்வளவு மின்சாரம் எடுக்கின்றன, அதில் இவ்வளவு ஜி.பி. போகிறது, ஆக ஒரு ஜி.பி.க்கு இவ்வளவு மின்சாரம் என்று வகுத்து, அதை வீடியோவின் ஜி.பி.யோடு பெருக்கி வந்த விடை. வகுத்தலில் பிழையில்லை. ஆனால் அந்த விடையை வைத்து, ‘நீ 1 ஜி.பி. குறைத்தால் இவ்வளவு மின்சாரம் குறையும்’ என்று சொல்ல முடியாது. நெட்வொர்க் அப்படி மின்சாரம் குடிப்பதில்லை.

உங்கள் வீட்டு ரவுட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை அதற்கும் சுவருக்கும் நடுவில் வைத்துப் பார்த்திருக்கிறேன். யாரும் எதுவும் செய்யாதபோது 9 வாட்டுக்கும் 10 வாட்டுக்கும் நடுவில் எண் நிற்கிறது. வீடியோ மீட்டிங்கைத் தொடங்கினால் அங்கேயே நிற்கிறது. கேமராவை அணைத்தால் அங்கேயே நிற்கிறது. பெரிய கோப்பை முழு வேகத்தில் இறக்கினால் மட்டும் கடைசி இலக்கம் லேசாக அசைகிறது. தெருவிளக்கின் கீழே ஒருவர் நடந்தாலும் நூறு பேர் நடந்தாலும் அது எரிவது ஒரே அளவில்தான். ஃபைபர், கேபிள் நெட்வொர்க்கில் ரவுட்டர், சுவிட்ச், ஆப்டிகல் கருவி எல்லாமே ஏறத்தாழ இப்படித்தான். விளக்கு ஏற்றிவைத்ததற்குத்தான் செலவு, நடப்பதற்கு அல்ல.

சரி, சராசரிக் கணக்கையே வைத்துக்கொண்டு பார்த்தாலும் அச்சுறுத்தல் ஒன்றும் இல்லை. கேபிள், ஃபைபர் வழி நெட்வொர்க்குக்கு 2015-ம் ஆண்டு நிலவரத்தில் ஆய்வாளர்கள் சொன்ன மதிப்பீடு, ஜி.பி.க்குச் சுமார் 0.06 கிலோவாட் மணி. அதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் அது ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தப் பழைய எண்ணையே எடுத்துக்கொள்வோம். நாள் முழுக்க 6 மணி நேரம் மீட்டிங், மணிக்குப் போக வர 1.5 ஜி.பி. மொத்தம் 9 ஜி.பி. ஆக 0.54 கிலோவாட் மணி, அதாவது அரை யூனிட். இப்போது காரில் போய் வர 20 கிலோமீட்டர் ஓட்டுகிற ஒருவரைப் பாருங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி என்றால் 1.3 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 9 யூனிட்டுக்கு நிகரான ஆற்றல் இருக்கிறது, எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக 12 யூனிட், 3 கிலோ. ஒரு பக்கம் 12, இன்னொரு பக்கம் அரை. அந்த அரையும் உயர்த்திச் சொன்ன அரை.

இந்தத் துறையில் எண்களை அப்படியே விழுங்கக் கூடாது என்பதற்கு ஒரு பாடமும் உண்டு. அரை மணி நேரம் ஆன்லைனில் படம் பார்த்தால் 1.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று 2019-ல் ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. சொன்னது தி ஷிஃப்ட் புராஜெக்ட் என்ற ஃபிரெஞ்சு ஆய்வு அமைப்பு. அதில் பிட்டும் பைட்டும் மாறிப்போய், ஒரு இடத்தில் 8 மடங்கு கூடிவிட்டது என்று பிறகு அவர்களே திருத்தினார்கள். சர்வதேச எரிசக்தி முகமை தனியாகக் கணக்குப் போட்டபோது, ஒரு மணி நேர ஸ்ட்ரீமிங்குக்கு 2019 நிலவரத்தில் 0.08 கிலோவாட் மணி அளவில்தான் வந்தது. அதிலும் பெரும்பங்கு பார்க்கிற திரைக்கு. திருத்தம் செய்தித்தாளில் எந்த மூலையில் வந்தது என்று கேட்காதீர்கள். முதல் எண்தான் இன்னும் சுற்றுகிறது.

நேர்மையாக இரண்டு விலக்குகளையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செல்போன் டேட்டாவில் மீட்டிங் பார்ப்பவரானால் கதை கொஞ்சம் மாறும். டவரில் உள்ள ரேடியோ, அனுப்புகிற தரவுக்கேற்பக் கூடுதல் மின்சாரம் எடுக்கும். அங்கே வீடியோவைக் குறைப்பதில் அர்த்தம் உண்டு. இரண்டாவது, உச்ச நேரம். எல்லோரும் ஒரே நேரத்தில் கூட்டுகிற டிராஃபிக்தான் எங்களைப் புதிய கருவி வாங்க வைக்கிறது. அந்தக் கருவி வந்துவிட்டால் இரவும் பகலும் மின்சாரம் எடுக்கும். அப்படிப் பார்த்தாலும், காலை 11 மணி மீட்டிங் எங்கள் பகல் பள்ளத்தில் ஓடுகிறது. எங்களை முதலீடு செய்ய வைப்பது இரவு 9 மணிக்கு 4கே-யில் ஓடும் பெரிய திரைகள்.

கேமராவைப் போடுங்கள். சக ஊழியர்களின் முகத்தைப் பாருங்கள். இணைப்பு வெட்டினாலோ, களைப்பாக இருந்தாலோ அணைத்துக்கொள்ளுங்கள். பூமிக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்.

*

இரவில் ரவுட்டரை அணைக்கலாமா? – இல்லத்தரசி

அணைக்கலாம். 10 வாட் கருவி ஆண்டு முழுக்க ஓடினால் 87 யூனிட்டுக்குச் சற்று மேல் வரும். இரவு 8 மணி நேரம் அணைத்தால் 29 யூனிட் மிச்சம். தொலைபேசி, பாதுகாப்பு கேமரா, அலாரம் ஏதாவது அதை நம்பி இருந்தால் வேண்டாம். வாரத்தில் ஓரிரு இரவு அணைக்காமல் விடுங்கள்; பாதுகாப்பு அப்டேட்கள் பெரும்பாலும் இரவில்தான் இறங்கும்.

*

வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று அனுமதித்து ஓராண்டு ஆகிறது. அலுவலக மின் கட்டணம் மட்டும் இறங்கவே இல்லை. எங்கே போகிறது மின்சாரம்? – நிர்வாக மேலாளர்

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்வதால் மின்சாரம் மிச்சமா இல்லையா என்பது உங்களைப் போன்றவர்களின் மேசையில்தான் முடிவாகிறது. ஊழியரின் கேமராவில் அல்ல.

மாடியில் 100 பேர் இருந்த இடத்தில் 60 பேர் இருந்தால் ஏசியின் செலவு 60 சதவீதமாகக் குறைந்துவிடாது. காற்றோட்ட விசிறி, குளிரூட்டும் பம்ப், வராண்டா விளக்கு, லிஃப்ட், சர்வர் அறை எல்லாம் முழுதாக ஓடும். அதே நேரத்தில் 40 வீடுகளில் தனித்தனியாக ஏசியோ ஹீட்டரோ ஓடும். இரண்டு பக்கமும் செலவு.

முதலில் ஒன்றைப் பாருங்கள். மாலையில் எல்லோரும் போன பிறகு மாடியில் ஒரு சுற்று நடந்து, மேசைக்கடியில் எத்தனை கணினிகளின் விளக்கு எரிகிறது என்று கவனியுங்கள். வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அலுவலகக் கணினிக்குள் நுழைகிறவர்கள், அது அணைந்துவிட்டால் வேலை கெடும் என்று வாரம் முழுக்க ஓடவிட்டுப் போவார்கள். பழைய டெஸ்க்டாப் சும்மா நின்றாலே 50, 60 வாட் எடுக்கும். வீட்டில் ஒரு லேப்டாப், அலுவலகத்தில் ஒரு டெஸ்க்டாப், ஒரே ஆளுக்கு இரண்டு கணினி. 60 வாட் என்று வைத்தால் ஒரு கணினிக்கு ஆண்டுக்கு 525 யூனிட். எல்லோரும் சேர்ந்து கேமராவை அணைத்தாலும் இதற்கு ஈடாகாது. வேக் ஆன் லேன் வசதியை இயக்கச் சொல்லுங்கள். தேவைப்படும்போது தூரத்திலிருந்தே எழுப்பிக்கொள்ளலாம்.

அடுத்து, நாட்களை ஒழுங்குபடுத்துங்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த நாளில் வந்தால் வாரத்தில் ஐந்து நாளும் எல்லா மாடியும் திறந்திருக்கும். குழு குழுவாக நாள் ஒதுக்கி, ஒரு மாடியை நிரந்தரமாக மூடினால்தான் மீட்டர் இறங்கும். கட்டட நிர்வாக அமைப்பில் அந்த மாடியின் காற்றோட்டத்தையும் சேர்த்து நிறுத்த வேண்டும். விளக்கை மட்டும் அணைத்துவிட்டு மூடிவிட்டோம் என்று இருந்துவிடுகிறவர்கள் நிறைய.

கார்னெல் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்க ஊழியர்களை வைத்துச் செய்தது. முழுக்க வீட்டிலிருந்தே வேலை செய்பவரின் வேலை சார்ந்த கார்பன் அளவு 54 சதவீதம் வரை குறையலாம். வாரத்தில் 2 முதல் 4 நாள் என்றால் 11 முதல் 29 சதவீதம். ஒரே ஒரு நாள் என்றால் வெறும் 2 சதவீதம். ஒரு நாளுக்கும் ஐந்து நாளுக்கும் இடையில் இவ்வளவு இடைவெளி ஏன்? ஒரு நாள் மிச்சம் பிடித்தால் அலுவலகத்தின் அளவு மாறுவதில்லை. மிச்சமான பயணத்துக்குப் பதில் வேறு பயணங்களும் முளைக்கின்றன. அதே ஆய்வில், தகவல் தொடர்புக் கருவிகளும் இணையமும் எடுக்கும் ஆற்றல் மொத்தத்தில் மிகச் சிறியது என்றும் வருகிறது.

*

நான் மிதிவண்டியில் பக்கத்திலேயே உள்ள அலுவலகத்துக்குப் போகிறவன். வீட்டிலிருந்து வேலை செய்தால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கும் பொருந்துமா? – கணக்காளர்

உங்களுக்குப் பொருந்தாது. அலுவலகத்துக்கே போங்கள்.

சர்வதேச எரிசக்தி முகமை 2020-ல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தது. ஒருவர் வீட்டிலிருந்து வேலை செய்கிற நாளில் அந்த வீட்டின் ஆற்றல் செலவு, இடத்தையும் பருவத்தையும் பொறுத்து 7 முதல் 23 சதவீதம் கூடுகிறது. காரில் ஒரு வழிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல் போகிறவருக்குப் பெரும்பாலும் அது லாபம். அதற்குக் கீழே போகிறவர்களும் பொதுப் போக்குவரத்தில் போகிறவர்களும் வீட்டில் இருந்தால் செலவு கூடவும் வாய்ப்புண்டு. உலகில் வீட்டிலிருந்து செய்யத்தக்க வேலை உள்ள எல்லோரும் வாரத்தில் ஒரு நாள் அப்படிச் செய்தால், பயணிகள் சாலைப் போக்குவரத்துக்குப் போகும் எண்ணெயில் சுமார் 1 சதவீதம் மிச்சமாகும் என்றும் சொன்னார்கள்.

1973-ல், எண்ணெய் நெருக்கடி வந்த அதே ஆண்டில், ஜாக் நில்ஸ் என்ற அமெரிக்கர் ‘டெலிகம்யூட்டிங்’ என்று இதற்குப் பெயர் வைத்தபோதே எண்ணம் இதுதான்: வேலைக்கு ஆளைக் கொண்டுபோவதற்குப் பதில் ஆளுக்கு வேலையைக் கொண்டுபோவது. கொண்டுபோக வேண்டிய ஆள் காரில் வருகிறாரா, மிதிவண்டியில் வருகிறாரா என்பதைப் பொறுத்தே லாபம். உங்கள் விஷயத்தில் மிச்சம் பிடிக்க அங்கே எதுவுமில்லை.

*

டேட்டா சென்டர்கள் மின்சாரத்தை விழுங்குகின்றன என்று தினமும் செய்தி. அதற்குக் காரணம் நம் ஆன்லைன் மீட்டிங்குகளா? – கல்லூரி மாணவர்

சின்னக் காரணம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். 2024-ல் உலக டேட்டா சென்டர்கள் எடுத்த மின்சாரம் சுமார் 415 டெராவாட் மணி, உலக மின் பயன்பாட்டில் 1.5 சதவீதம் என்பது எரிசக்தி முகமையின் மதிப்பீடு. 2030-ல் அது 945 அளவுக்குப் போகலாம் என்கிறார்கள். ஏற்றத்துக்கு முக்கியக் காரணம் செயற்கை நுண்ணறிவு.

இதற்கு முன்பு நிலைமை வேறு. 2010-லிருந்து 2018 வரை டேட்டா சென்டர்கள் செய்த கணக்கீட்டு வேலை 6 மடங்குக்கு மேல் கூடியது. மின்சாரமோ 6 சதவீதம் அளவில்தான் கூடியது. ஓரத்தில் கிடந்த சின்னச் சின்ன சர்வர் அறைகள் மூடி, வேலையெல்லாம் திறன் மிக்க பெரிய மையங்களுக்குப் போனதால் வந்த நிம்மதி அது. அந்த நிம்மதி இனி போதாது என்பதுதான் இன்றைய கவலை. எனக்கும் அது உண்மையான கவலை.

மீட்டிங் சர்வரின் வேலை பெரும்பாலும் இங்கே வந்த வீடியோ பாக்கெட்டை அங்கே தள்ளிவிடுவது மட்டுமே. படத்தைச் சுருக்குவதும் விரிப்பதும் உங்கள் லேப்டாப் செய்கிறது. அதனால்தான் அதன் விசிறி இரைகிறது. இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது, ஒவ்வொரு மீட்டிங்கையும் தானாகப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, ஏ.ஐ. மூலம் சுருக்கம் எழுதும் வசதி. இது பாக்கெட்டைத் தள்ளுவதைவிடப் பல மடங்கு கணக்கீட்டு வேலை. தேவையான மீட்டிங்குக்கு அதைப் போடுங்கள், நன்மை உண்டு. யாரும் படிக்காத தினசரி 10 நிமிடக் கூட்டத்துக்கும் அது இயல்பாகவே ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் கல்லூரியில் மீட்டிங் மென்பொருளை நிர்வகிப்பவரிடம் அந்த இயல்பு அமைப்பை மாற்றச் சொல்லுங்கள். கூடவே, பதிவுகள் 60 நாளில் தானாக அழிகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கான்ஃபரன்ஸ் மென்பொருள்களின் நிர்வாகப் பக்கத்திலேயே அதற்கான வசதி இருக்கிறது.